கேள்வி இல்லாத பதில்

லண்டன் நாடாளுமன்றத்தில் வியாழக்கிழமைதோறும் உறுப்பினர்கள் ஊர்க் குறைகளைச் சொல்வார்கள். அவை முன்னவர் ஹெஸ்டர் லோவெல் பதில் சொல்வார். அன்றும் நிற்காத ரயில், மூடிய தபால் நிலையம் என்று கேள்விகள் வந்தன. கடைசியாகப் பின்வரிசையில் நரைத்த மனிதர் ஒருவர் எழுந்தார்.

"ஆல்டர்பி பள்ளிக்கூடத்துப் பாலம் சாயங்காலம் வரைக்கும் தாங்காதுங்க. மூணரைக்குப் பிள்ளைங்க வந்துருவாங்க."

ஹெஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பாலத்தை இப்பவே மூடச் சொல்றேன்" என்றார். சொன்னபடியே செய்தார்.

மூன்றரைக்குப் பாலம் ஆற்றில் விழுந்தது. பிள்ளைகள் எல்லோரும் பள்ளி வாசலில் பத்திரமாக நின்றிருந்தார்கள். செய்தி கேட்டு ஹெஸ்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சற்று நேரத்தில் ஆல்டர்பி தொகுதி உறுப்பினர் பிரையனி மூச்சிரைக்க வந்தாள். "மேடம், என் பொண்ணும் அங்கதான் படிக்கிறா. நான் ரயில்ல மாட்டிக்கிட்டேன். எனக்குப் பதிலா யாரு கேட்டது?"

அவைக் குறிப்பைப் புரட்டினார்கள். கேள்விகள் இருபத்திரண்டு, பதில்கள் இருபத்துமூன்று. கடைசிப் பதிலுக்கு மேலே வெற்றிடம்தான் இருந்தது.

"யாரா இருந்தா என்ன மேடம், நல்லா இருக்கட்டும்" என்று பிரையனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கிளம்புமுன் ஹெஸ்டர் ஆளில்லாத அவைக்குள் போனார். பின்வரிசையைப் பார்த்து, "எல்லாப் பிள்ளைங்களும் வீடு போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றார்.