தகப்பன்மார் கூட்டத்தில் மௌன ஜெபம்

அழுகை வருவதற்கு இரண்டு வரி முன்பே சவுண்டு பிரதர் மைக்கை ஒரு கோடு ஏற்றி, எக்கோவைக் கொஞ்சம் கூட்டினார்.

எக்கோ இல்லாவிட்டால் ஐயாவின் அழுகை ஜலதோஷம் மாதிரி கேட்கும்.

மேடைக்குப் பின்னால் ‘வீட்டில் இருக்கிறாரா தகப்பன்?’ என்று பேனர். எழுத்தைவிடப் பெரிதாக ஐயாவின் படம். பக்கத்துத் திரையில், முன்பல் விழுந்த ஏழு வயதுப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். ஐயாவின் மகன்.

அரங்கத்தில் நானூறு தகப்பன்மார். பிள்ளைகளைப் பற்றி அவர்கள் இடைஞ்சலில்லாமல் கேட்க வேண்டும் என்பதற்காக, பிள்ளைகளைப் பின்னறையில் அடைத்து பொம்மைப் படம் போட்டுவிட்டிருந்தார்கள். காவலுக்கு அம்மாக்கள்.

ஐயா பிரசங்கத்தில் காய்ச்சல் சாட்சிக்கு வந்திருந்தார். மகன் நெருப்பாய்க் கொதிக்க, மூன்று நாள் கட்டிலருகே முழங்காலில் நின்றாராம். ஒரு கையில் வேதாகமம், மறுகையில் ஈரத்துணி.

சவுண்டு பிரதர் இதைப் பதினோரு வருஷமாகக் கேட்கிறார். ஆரம்பத்தில் காய்ச்சல் நூற்றிரண்டு. இன்றைக்கு நூற்றைந்தரை. இன்னும் நாலு கூட்டம் போனால் தெர்மாமீட்டர் தாங்காது.

பையனுக்கு மட்டும் வயது ஏறவே இல்லை.

சவுண்டு பிரதரின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மனைவியின் செய்தி. பிரசவ அறைக்குள் கொண்டுபோகிறார்களாம். வருவாயா, மாட்டாயா, அதை மட்டும் சொல் என்று கேட்டிருந்தாள். கோபமாகக்கூட எழுதவில்லை.

படித்தார். விரல்கள் அவை பாட்டுக்கு மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தன.

நேற்றே கேட்டுப் பார்த்தாயிற்று. பிரசவம் பார்க்க நீ என்ன டாக்டரா என்றார் ஐயா. தம் மகன் பிறந்த நேரத்தில் தாமும் மேடையில்தான் இருந்ததாகவும், அதனால் அந்தப் பையனுக்குக் கை கால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றும் சொன்னார்.

சவுண்டு பிரதர் தலையாட்டினார். ஐயாவின் ஊழியத்தில் அண்ணன், மாமா என்ற பேச்சே கிடையாது. யாராக இருந்தாலும் அவருக்குப் பிரதர். அவர் எல்லோருக்கும் ஐயா.

காய்ச்சல் இறங்கியது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. இனி பிள்ளைகளோடு இருப்பேன் என்று கர்த்தருக்கு முன்பாக வாக்குக் கொடுக்கிற தகப்பன்மார் எழுந்து நிற்கும்படி ஐயா கேட்டுக்கொண்டார்.

நானூறு நாற்காலிகள் கிறீச்சிட்டன.

சவுண்டு பிரதர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். மிக்ஸருக்கு முன்னால் அவருக்கு நாற்காலி போடுவதில்லை.

போனில் ‘வர்றேன்’ என்று அடித்து அனுப்பினார். பிறகு ஐயாவின் மைக்கை மெதுவாக இறக்கினார். பாட்டு முடியும்போது இறக்குவதுபோல, அடிவரைக்கும்.

குரல் நின்றது. மௌன ஜெபம் என்று நினைத்து நானூறு தகப்பன்மாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஐயா மைக்கைத் தட்டிப் பார்த்தார். கையை ஆட்டினார். வாய் அசைந்தது. அவருடைய சொந்தக் குரல் மேடை விளிம்பைத் தாண்டவில்லை. நிமிர்ந்து பார்க்கத்தான் ஆளில்லை.

மூடிய கண்களுக்கு நடுவே சவுண்டு பிரதர் வாசல்வரை நடந்தார். அங்கே நின்ற வாலண்டியர் ஒரு கண்ணைத் திறந்து கையைக் குறுக்கே நீட்டினார்.

“ஜெபம் நடக்குது பிரதர். இப்ப வெளிய போகக் கூடாது.”

சவுண்டு பிரதர் அந்தக் கையைப் பக்குவமாக விலக்கினார்.

“பேரனோ பேத்தியோ, பிறந்ததும் கூப்பிடறேன்னு ஐயாகிட்ட சொல்லிடுங்க. போன்லயே ஜெபம் பண்ணட்டும். எனக்குக் காய்ச்சல் வந்தப்பவும் அப்படித்தான் பண்ணாரு.”