பால்கனி ரூம்

"இந்த ரூம்ல வயசானவங்க இருக்கக் கூடாதுன்னு மட்டும் நீங்க சொல்லிடணும் சார்" என்றாள் மருமகள், கதவைத் திறந்த கையோடு.

வீட்டுச் சுவரில் பூஞ்சணம் பார்க்க வந்தவர் தோள் பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

மாமனாருக்கு ஒரு மாதமாக விடாத இருமல். அறையிலோ நுழைந்தாலே முகத்தில் அடிக்கும் ஈர நாற்றம். கொஞ்ச நாள் மகள் வீட்டில் இருங்கள் என்று அவள் சொன்னால், மருமகள் விரட்டிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களாம். நிபுணர் சொன்னால் பழி இல்லையாம்.

மாமனாரை அனுப்பக்கூட ஆள் வைத்துக் கொள்கிறார்கள், நல்ல காலம்தான் என்று நினைத்துக்கொண்டே அவர் அறைக்குள் போனார்.

அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கரும்புள்ளிகள். ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். சுவருக்குள் ஈரமே இல்லை. குழாய் எதுவும் கசியவில்லை. இருக்கிற ஈரமெல்லாம் அறைக் காற்றில்தான். நிமிர்ந்தபோது எதிரெதிர்ச் சுவர்களில் ஒரே உயரத்தில் இரண்டு ஆணிகள் கண்ணில் பட்டன.

"ஐயா, ஈரத்துணிய உள்ளயே காயப் போடறீங்களா?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார் திருதிருவென்று விழித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மருமக எழுந்திரிக்கறதுக்குள்ள கொடியக் கழட்டி வச்சிடுவேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

"ஏன், பால்கனி இருக்கே?"

"அதுக்கு அவங்க ரூம் வழியாத்தானே போகணும்? அவளுக்கு நர்ஸ் வேலை. ராத்திரி பூரா நின்னுட்டு வந்து பகல்லதான் கண்ண மூடறா. நான் வாளியத் தூக்கிட்டுக் குறுக்க நெடுக்கப் போனா தூங்கின மாதிரிதான்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

வந்தவருக்கு மனசு கனத்தது. வெளியே வந்தால், நடையில் மருமகள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

"சுவரைச் சுத்தம் பண்ணிட்டு, துணிய வெளிய போட்டாப் போதும். ரூமை விட்டு யாரும் போக வேண்டியதில்ல" என்றார் கொஞ்சம் விறைப்பாகவே.

"இல்ல சார். மாமா இந்த ரூம்ல இருக்க வேண்டாம்."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு கேட்ட பிறகுமா?

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பால்கனி ரூம்தான் அவர் உடம்புக்கு ஒத்துக்கும்னு கண்டிப்பா சொல்லிடுங்க சார். நாங்க இங்க மாறிக்கறோம். நான் கூப்பிட்டா வர மாட்டார்."