தொப்பியின் எடை

“அந்த நர்ஸுக்கு நெஞ்சுல இருக்கிறது இதயமா, தராசா?”

எவெலியோ மனைவி நூபியாவிடம் பொருமினான். அவன் சட்டைக்குள், வெற்று மார்போடு ஒட்டி, துணிப்பட்டையில் கட்டுண்டு தூங்கிக்கொண்டிருந்தாள் மகள் சலோமே. குறைமாதத்தில் பிறந்தவள். போதாததற்கு இதயத்தில் கோளாறு.

பொகோதா நகரத்தின் அந்த ஆஸ்பத்திரியில் கங்காரு அறை என்றால் இப்படித்தான். இன்குபேட்டரை விட்டு வந்த பிள்ளைகளை அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றி மார்பிலேயே சுமக்க வேண்டும்.

இரண்டு கிலோ தேறட்டும், அப்புறம் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் நர்ஸ் கிரேசியேலா எடை போடுவாள், உதட்டைப் பிதுக்குவாள். ஆனால் ‘தோன்’ என்று ஐயா போட்டுத்தான் கூப்பிடுவாள்.

“இன்னும் போதாது, தோன் எவெலியோ.”

“பக்கத்துக் கட்டில் பையனைப் போன வாரமே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனீங்களே! அவன் என் பொண்ணைவிடப் பொடிசு. அவங்கப்பா கார்ல வர்றார், நான் பஸ் ஓட்டுறவன். அதானே?”

“அவனால இனி தாங்க முடியாதுன்னு ஆயிடுச்சு, வேற வழியில்ல. சலோமே தாங்குறா. தாங்குற வரைக்கும் வளரட்டுமே.”

“உதடு நீலமாகுது சிஸ்டர்!”

“நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவள் சட்டைப்பையில் கைகளை விரித்து நிற்கும் குழந்தை இயேசு, சின்னப் பதக்கமாக ஊசியில் தொங்கியது. சாமியைக் குத்திக்கிட்டா மட்டும் போதுமா என்று எவெலியோ முணுமுணுத்தான்.

அன்றைக்கே பஸ் கண்ணாடியில் தொங்கிய கார்மேன் மாதா பதக்கத்தைக் கழற்றி வந்தான். சலோமேயின் கம்பளித் தொப்பி மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டான். குளிர் ஊர் ஆயிற்றே, தராசிலும் தொப்பியை மட்டும் கழற்றுவதில்லை.

“பைத்தியமா உனக்கு? டாக்டரையே ஏமாத்துறியே!” என்றாள் நூபியா.

“ஏமாத்தல. மாதா கூட இருந்தா பொண்ணுக்கும் நல்லது, எடைக்கும் நல்லது.”

அன்று இரவு பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான். ஆனால் மறுநாளும், தன் பக்கம் திரும்பியிருந்த தராசைப் பார்த்துவிட்டு, “நேத்து மாதிரியேதான்” என்றாள் கிரேசியேலா.

மாதா கனம் பத்தவில்லை போலும். சாவிக்கொத்தில் பதக்கமாகத் தொங்கிய, பயணிகளைக் காக்கும் புனிதர், தடித்த பித்தளை கிறிஸ்டோபரையும் துணைக்கு அனுப்பினான்.

“கொஞ்சம் ஏறியிருக்கு. போதாது.”

“அந்தத் தராசும் அவளுக்குச் சொந்தக்காரி போலிருக்கு!” என்று பல்லைக் கடித்தான்.

ஒருவழியாக ஒரு காலையில் அவளே சிரித்தாள். “தேறிட்டா. டாக்டர்கிட்ட சொல்றேன்.” குழந்தையை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது தொப்பியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

மாலையில் டாக்டர் வெளியே வந்தார்.

“நல்லா இருக்கா. தையல் பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் அவசரப்பட்டிருந்தாக்கூட ஈரக் காகிதத்தைத் தைச்ச கதையாயிருக்கும்.”

நூபியா சந்தோஷத்தில் அழுதாள். எவெலியோ கையிலிருந்த தொப்பியைப் பார்த்தான். தன் தந்திரம் மட்டும் பலித்திருந்தால்?

நேரே கிரேசியேலாவிடம் போனான்.

“மன்னிச்சிருங்க சிஸ்டர். இந்தத் தொப்பிக்குள்ள...”

“தெரியும். டயப்பர் மாத்துறப்போ தொப்பியைத் தனியா எடை போட்டு, தினமும் கழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அப்பவே பிடுங்கி எறிஞ்சு, நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“எதுக்கு? அதை வச்ச பிறகுதான் நீங்க தைரியமா இருந்தீங்க. அப்பன் நெஞ்சு படபடன்னு அடிச்சா, அதுமேல ஒட்டிக்கிட்டிருக்கிற பிள்ளை எப்படித் தூங்கும்? எப்படி வளரும்?”

எவெலியோ தொப்பியின் தையலைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினான். கார்மேன் மாதா விழுந்தாள். கிறிஸ்டோபர் விழுந்தார்.

கூடவே இன்னொன்றும் விழுந்தது. கைகளை விரித்த குழந்தை இயேசு.

நிமிர்ந்து பார்த்தான். அவள் சட்டைப்பையில் வெறும் ஊசிதான் இருந்தது.

“பயப்படாதீங்க, தோன் எவெலியோ. அதையும் சேர்த்துத்தான் கழிச்சேன்.”