கீழறைப் பூசணம்

"இன்னிக்கு அந்த ஆளைக் காலி பண்ண வைக்காம நான் பச்சைத் தண்ணி பல்லுல படவிட மாட்டேன்" என்றாள் சிவகாமசுந்தரி.

1908. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், மேட்டில் கட்டிய அவளுடைய பலகை வீடு. அதற்கு அடியில், பாதி மண்ணுக்குள் இறங்கிய அறையில் மூன்று வருஷமாகக் குடியிருந்தார் அப்துல் கஃபார். கைலி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவர்.

அந்த அறையின் பூசண வாடை பலகை இடுக்கு வழியாக ஏறி, சாமி அறைக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

கூடை கூடையாகக் கரி வைக்கச் சொன்னாள். வைத்தார். சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாள். அடித்தார். வாடை அசைந்து கொடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை தவறாம நாம வீட்டைக் கழுவி விடுறோம். அந்த ஆளு ஒரு நாளாவது துடைப்பத்தைத் தொட்டிருப்பாரா? முனிசிபல் துரை வந்து மோந்து பார்த்தா யாருக்குடி கெட்ட பேரு?"

மருமகள் பாக்கியலட்சுமி குடத்தோடு நின்றாள். "ஒரு தடவை கீழ போய்ப் பார்த்துட்டுப் பேசலாமே அத்தை."

"போகத்தான் போறேன். நீ வேலையைப் பாரு."

சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, இந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கீழே இறங்கினாள். எரிச்சலில் முகம் சிவந்திருந்தது.

கஃபார் எழுந்து நின்றார்.

"பாய், சாயங்காலத்துக்குள்ள இடத்தை விட்டுடுங்க. மனுஷன் இருக்கிற இடமா இது? உங்களால என் சாமிக்கே மூச்சு முட்டுது."

"திடீர்னு எங்கம்மா போவேன்? எனக்கு இங்க வேற நாதியில்லை" என்றவர், மேலே அண்ணாந்து பார்த்தார். "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கம்மா."

"என் வீட்டுல எனக்கே உத்தரவா?"

தலையில் மடமடவென்று தண்ணீர் கொட்டியது. சாம்பிராணி புஸ்ஸென்று அணைந்தது. மேலே பாக்கியலட்சுமி வீட்டைக் கழுவித் தண்ணீரைப் பெருக்கித் தள்ளும் சத்தம். இடுக்குக்கு இடுக்கு ஒழுகியது. கஃபார் கைலி மூட்டையை மூலைக்கு இழுத்துவிட்டு, பானைகளை வரிசையாக நகர்த்தி வைத்தார். எந்த இடுக்குக்கு எந்தப் பானை என்று கைக்கே தெரிந்திருந்தது.

நனைந்த புடவையோடு சிவகாமசுந்தரி அந்தப் பானைகளைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா இப்படித்தானா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சாமிக்குன்னு கழுவுறீங்க. அதனாலதான் நாத்தம்னு நான் எப்படிம்மா சொல்வேன்?"