நெற்றியில் ஒரு கறை

நானூறு சதவீதம் பெரிதாக்கினால், மூன்று வயதுக் குழந்தையின் காது ஒரு மைதானம்.

கணினித் திரையில் அதன் விளிம்பில், வெட்டிக் கோடு போடும் பென் டூலால் புள்ளி வைத்து, வளைத்து, அடுத்த புள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்கிற வேலை. நான் வேலை பார்க்கிற போட்டோ கடையில் எனக்குக் ‘கத்தரி’ என்று பட்டப்பெயர். காற்றில் பறக்கிற முடியைக்கூட ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிடுவேன். கொஞ்சம் திமிரும் உண்டு.

படத்தில் இருந்த குழந்தை இப்போது ஒரு குழந்தைக்குத் தாய். காலையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“எங்கம்மா எடுத்ததுல மிஞ்சினது இது ஒண்ணுதான்க்கா. பின்னாடி இருக்கிற அழுக்குச் சுவரு வேணாம். நெத்தியில இருக்கிற கறையையும் எடுத்துட்டு என்னை மட்டும் வெட்டிக் குடுங்க.”

மகளின் படத்துக்குப் பக்கத்தில், அதே வயதுத் தன்னை வைத்துப் பார்க்க ஆசை.

அம்மா தவறிப்போனபோது அவளுக்கு நான்கு வயதாம். முகம் நினைவில்லை. கேமரா எப்போதும் அம்மா கையிலேயே இருந்ததால் அம்மாவுக்குப் படமே குறைவு. இருந்த ஒன்றிரண்டும் வீட்டில் புகுந்த வெள்ளத்தோடு போயின.

உள்ளங்கை அளவுப் படம், மங்கிப்போனது. ஸ்கேன் செய்து வெளிச்சத்தைக் கூட்டியதுமே குனிந்து வேலையைத் தொடங்கிவிட்டேன். முழுப் படத்தை ஒருமுறை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

குழந்தையைச் சுற்றி முடித்தேன். இனி செலக்‌ஷனைத் தலைகீழாக்கி, குழந்தையை விட்டுச் சுற்றியிருப்பதைத் தேர்ந்து, சுவரை அழிக்க வேண்டும். தலைகீழாக்க மறந்து டெலீட்டைத் தட்டினேன்.

யானைக்கும் அடி சறுக்கும். குழந்தை போய்விட்டது, சுவர் நின்றது.

தலையில் அடித்துக்கொண்டு படத்தைச் சுருக்கினேன்.

திரையருகே முகத்தைக் கொண்டுபோனேன்.

சுவரில் இருந்தது அழுக்கு இல்லை. நிழல். முதுகுக்குப் பின்னால் சாய்ந்த வெயிலோடு ஒருத்தி நின்றிருந்தாள். தோளில் சடை. உயர்ந்த முழங்கை. முகத்தருகே ஒரு பெட்டி. இன்னொரு கை குழந்தை இருந்த பக்கம் நீண்டு, மணிக்கட்டோடு ஓட்டையில் முடிந்தது.

அழித்ததைத் திரும்ப வரவழைத்தேன். குழந்தையின் நெற்றியில் இருந்த கறையை எண்ணிப் பார்த்தேன். நான்கு விரல், ஒரு கட்டைவிரல்.

அடுத்து அந்தக் கையைத்தான் துடைத்துவிடுவதாக இருந்தேன்.

மறுநாள் அவள் வந்தபோது, கேட்ட படத்தைக் கறையோடு கொடுத்தேன். எதிர்ச் சுவரைக் காட்டினேன். குழந்தை இல்லாத படத்தை, பெரிய பிரிண்டரில் ஆள் உயரத்துக்கு எடுத்து ஒட்டியிருந்தேன். இத்தனை வருஷத்தில் ஓட்டையை ஓட்டையாகவே விட்டது இந்த ஒரு படத்தில்தான்.

அவள் சுவரருகே போனாள். நெடுநேரம் பார்த்தாள்.

மகள்தான் இடுப்பிலிருந்து நழுவி ஓடி, அந்த வெள்ளை இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். அளவெடுத்ததுபோல் பொருந்தினாள். நிழலின் கை அவள் தலையில் வந்து சேர்ந்தது.

முகம் நினைவில்லை என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கையால் போனை முகத்தருகே உயர்த்தினாள். குழந்தை தன்னைப் பார்க்கவேண்டுமென்று மறு கையை நீட்டி விரல்களை ஆட்டினாள்.

சுவரில் அவள் அம்மாவும் அப்படித்தான் நின்றிருந்தாள்.