மாடி போர்ஷன்

மாடி கட்டி முடித்ததும், வாடகைக்கு வருபவர்களை விசாரிக்கும் வேலையைச் சபாபதி தன் மனைவி வள்ளிக்கண்ணுவிடம் விட்டார். ஆனால் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று ஹாலில் உட்கார்ந்தபடி அவரேதான் சொல்லிக்கொண்டிருந்தார். தனியாக இருக்கும் பெண்களுக்கு வீடு கிடையாது என்பது அவருடைய முதல் நிபந்தனை. அன்று வீடு பார்க்கத் தனியாக வந்த யசோதாவை வள்ளிக்கண்ணு மாடிக்கு அழைத்துப்போனாள். யசோதா சமையலறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய் உள்தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்து, மறுபடியும் போட்டுப் பார்த்தாள். “நல்லா விழுதுக்கா,” என்றாள். முந்தானை விலகியபோது அவள் கழுத்தில் நீலம் பாரித்திருந்தது தெரிந்தது. கீழே வள்ளிக்கண்ணுவின் அறைக் கதவில், சபாபதி தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்ட பிறகு, திருகாணி ஓட்டைகள் மட்டும்தான் மிச்சம்.

இருவரும் இறங்கி வாசலுக்கு வந்தார்கள். “புருஷன் வரலையான்னு கேளு,” ஹாலிலிருந்து சபாபதியின் குரல் வந்தது. யசோதா தலைகுனிந்து செருப்பைத் தேடினாள்.

“வெளியூர்ல வேலையாங்க. மாசம் ஒருக்கா வருவாராம்,” என்றாள் வள்ளிக்கண்ணு. யசோதா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்; அவள் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. வள்ளிக்கண்ணு சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. “அவரு போன் நம்பரை வாங்கு, நானே பேசிடறேன்,” என்றபடி சபாபதி எழுந்து வந்தார்.