இரண்டு பக்கமும் அரை

பத்துக் கணக்கு. பத்தும் தப்பு.

விடைத்தாளை மேசையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. பன்னிரண்டு மணிக்குத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போய்விடும்.

எதிரே அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்துநான்கு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அன்றிலிருந்து ஏதோ ஒரு தையற்கடையில் துணி வெட்டும் மேசைதான் அவளுக்கு எல்லாம். இப்போது பள்ளி இறுதித் தேர்வு எழுத வந்திருக்கிறாள்.

நான் அவளுக்கு வழிகாட்டி. சம்பளமில்லாத உத்தியோகம், சனிக்கிழமை காலை மட்டும், நூலக மாடியில். மற்ற நாளெல்லாம் அப்பாவின் துணிக்கடை. துணி மூட்டைகளுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்தவன் நான். எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை.

மற்ற பாடங்களை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். பரப்பளவுதான் காலை வாரியது. மாதிரித் தேர்வில் பத்துக்கு ஆறு வாங்கினால்தான் பெயர் பட்டியலில் ஏறும். இது மூன்றாவது முறை. கடைசி முறையும்கூட.

“இந்த வருஷம் இல்லன்னா இனிமே இல்லண்ணா. வீட்ல ஒரு வருஷந்தான் விட்டிருக்காங்க,” என்றாள், விசிறியிடம்.

எழுந்து போய் வகுப்புப் பொறுப்பாளரிடம் பேசிப் பார்த்தேன். முத்திரையைக் கைப்பையை விட்டு வெளியே எடுக்கவே மாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் சீல் அக்கா.

“ஆறு ரொம்ப ஜாஸ்திக்கா. நமக்குள்ள என்ன, ஒரு நாலுல முடிச்சுக்கலாமே.”

“அவ வாங்கினது பூஜ்யம். பூஜ்யத்துக்கு என்ன பேரம் தம்பி? இது உங்க கடை இல்ல.”

எங்கள் அப்பாவே வாயடைத்துப் போயிருப்பார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சும்மா இருக்கத் தெரியாததால் தாளை மறுபடி கையில் எடுத்தேன்.

அவள் வழியை எழுதமாட்டாள். விடை மட்டும்தான். பதினொரு வாரமாக அதற்குத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். சேர்ந்து செய்யும்போது வழியை நான் எழுதுவேன், அவள் தலையாட்டுவாள், எல்லாம் சரியாக வரும். தனியாக விட்டால் இந்தக் கதி.

ஒன்பதுக்கு ஒன்பது சதுரம். எண்பத்தொன்று வர வேண்டும். நூறு என்று எழுதியிருந்தாள்.

எட்டுக்கு நான்கு கதவு. முப்பத்திரண்டு. நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து தோட்டம். அறுபது. எழுபத்தெட்டு.

தப்பு என்றால் அது மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். இது அப்படி இல்லை. எல்லாமே கூடுதல். பேச்சுக்கு ஒன்றுகூடக் குறைச்சல் இல்லை.

நூறு என்றால் பத்துக்குப் பத்து.

நாற்பத்தைந்து, ஒன்பதுக்கு ஐந்து.

எழுபத்தெட்டு, பதிமூன்றுக்கு ஆறு.

நீளத்தில் ஒன்று, அகலத்தில் ஒன்று கூடுதல்.

இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. தையலுக்கு விடும் துணி!

சதுரத்துக்கு விட்டிருந்தாள். கதவுக்கு விட்டிருந்தாள். யாரும் மடித்துத் தைக்கப்போகாத ஒரு தோட்டத்துக்கும் நான்கு புறமும் பிசகாமல் அரை அரை விட்டிருந்தாள். கேட்டதைவிடக் கஷ்டமான கணக்கை, தாளில் ஒரு கோடு கிழிக்காமல், தலைக்குள்ளேயே போட்டுப் பத்தையும் சரியாக முடித்திருந்தாள். மூன்று முறையும் இதையேதான் செய்திருக்க வேண்டும்.

தையலுக்கு எவ்வளவு போகும் என்று வாடிக்கையாளர்களிடம் நாள் தவறாமல் வாதாடுகிறவன் நான். எனக்கு இது உறைக்கப் பதினொரு வாரம்.

“ஏம்மா, தோட்டத்தை எங்க கொண்டுபோய்த் தைக்கப்போற?”

அவளுக்குப் புரியவில்லை. தாளைத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினேன். பிறகு தன் இடது கையைத் தூக்கி, அது வேறு யாருடையதோ என்பதுபோல் உற்றுப் பார்த்தாள். அளவைப் படித்தவுடனே அந்தக் கட்டைவிரல் தானாக அரை இஞ்ச் வெளியே நகர்கிறதாம். ஒன்பது வருடமாக வெட்டிய கை.

பத்தும் ஒரே தப்புதான் என்று சீல் அக்காவிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் புதுக் கேள்வித்தாள் ஒன்றை வைத்து, “இந்த ஒரு தடவைதான். பத்தே நிமிஷம்,” என்றார்.

அவள் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

நான் கால்குலேட்டரோடு மூன்றாவது கணக்கில் இருந்தபோது அவள் பேனாவை மூடிவிட்டாள்.

பத்தும் சரி. சீல் அக்கா இரண்டு முறை சரிபார்த்தார். கைப்பையைத் திறந்து முத்திரையை எடுத்தார்.

படிவத்தில் வழிகாட்டியும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுக்கொண்டே, முதல் நாள் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆறு வழிகாட்டிகளில் என்னைக் காட்டி இவர்தான் வேண்டும் என்றாளே, அது ஏன் என்று விசாரித்தேன். என் முகராசி என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“உங்கள ஏற்கெனவே தெரியும்ணா. ஆறு வருஷமா உங்க சட்டை அளவுச் சீட்டு என் மேசைக்குத்தான் வருது. இடது தோள் முக்கால் இஞ்ச் இறக்கம். பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டேன். தெரிஞ்ச ஆளா இருக்கட்டுமேன்னுதான் கேட்டேன்.”

எந்தக் கடையில் வெட்டுகிறாள் என்று பதினொரு வாரத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

எனக்கு முப்பத்திரண்டு வயது. என் தோள் இறங்கியிருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கண்ணாடிகூடச் சொன்னதில்லை.

குனிந்து பார்த்தேன்.

சட்டை நேராக இருந்தது.